பிறகு சேர்க்க முடியாதவை

ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் பேராசிரியர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கல்லூரியில் நான்கு மாடி அறிவியல் கட்டடம் வரப்போகிறது. கட்டடக் கலைஞர் கொடுத்த வரைபடத்தில் ஒவ்வொரு தளமும் 4.5 மீட்டர் உயரம், இரண்டு பெரிய ஷாஃப்ட், மொட்டைமாடியில் பாதி இடம் இயந்திரங்களுக்கு. நிர்வாகம் இதை வீண்செலவு என்கிறது. வகுப்பறைக் கட்டடம் மாதிரியே 3.3 மீட்டரில் கட்டிவிடலாம், ஃபியூம் ஹூட், ஏசி எல்லாம் நிதி வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை கூட்டம். நான் என்ன சொல்வது? வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் எப்படிச் செய்கிறார்கள்?"

நவீன அறிவியல் கட்டடத்தில் என்னென்ன வசதி வேண்டும் என்று கேட்பதுபோலத் தெரிந்தாலும், உங்களுக்குத் தேவைப்படும் பதில் வேறு என்று நினைக்கிறேன். எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போட்டால் என்றைக்கும் கிடைக்காது? நிர்வாகத்துக்கு நீங்கள் சொல்லவேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். கருவிகளைப் பிறகு வாங்கலாம், மேசைகளைப் பிறகு போடலாம். தளத்தின் உயரத்தையும், குழாய்கள் எல்லாத் தளங்களையும் கடந்து மேலேறும் செங்குத்து வழியான ஷாஃப்ட்டையும் பிறகு எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அவர்கள் வீண் என்று அடித்துவைத்திருக்கும் மூன்றுமே இந்த இரண்டாவது வகை.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். இருபத்து நான்கு ஆண்டுகளாக ஆய்வகங்களின் காற்றோட்டம், குளிர்விப்பு, வாயுக் குழாய் வேலைகளைத்தான் வடிவமைத்து, ஓடவைத்து, சரிபார்த்துக் கொடுத்துவருகிறேன். அதனால் காற்று பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். பீமின் ஆழம், தூண்களின் இடைவெளி போன்றவற்றைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் முடிவு செய்யவேண்டும். உங்கள் வரைபடத்தையும் நான் பார்க்கவில்லை, எனவே கீழே வரும் கணக்குகள் ஒரு சாதாரண வேதியியல் ஆய்வகத்தை மனதில் வைத்துப் போட்டவை.

வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் உள்ள முதல் வேறுபாடு காற்று. அலுவலகத்திலும் வகுப்பறையிலும் ஏசி, உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. வேதியியல் ஆய்வகத்தில் அப்படிச் செய்யக்கூடாது. ஒரு மேசையில் எழும் ஆவி அறை முழுக்கச் சுற்றி எல்லோர் மூக்குக்கும் போகும். அதனால் வெளியிலிருந்து காற்றை எடுத்து, குளிர்வித்து, அறைக்குள் ஒரு முறை மட்டும் ஓடவிட்டு, அப்படியே வெளியே தள்ளவேண்டும். ஃபியூம் ஹூட் இந்த வேலையின் நடுநாயகம்: உள்ளே எழும் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும், முன்பக்கம் கண்ணாடிக் கதவுள்ள பெட்டி. ஹூட்டின் கண்ணாடிக் கதவை அரை மீட்டர் தூக்கிவைத்து வேலை செய்கிறீர்கள், திறப்பின் அகலம் ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். அந்தத் திறப்பு வழியாகக் காற்று விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போகவேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. பெருக்கிப் பாருங்கள்: ஒரு ஹூட் மணிக்கு 1,350 கனமீட்டர் காற்றை உறிஞ்சும். பத்து மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள ஆய்வகத்தில் மொத்தமே 240 கனமீட்டர் காற்றுதான். ஆறு ஹூட் ஓடினால் அந்த அறையின் காற்று மணிக்கு முப்பது தடவைக்கு மேல் வெளியேறிவிடும்.

வெளியேறும் காற்றுக்கு ஈடாக அதே அளவு காற்று உள்ளே வந்தாகவேண்டும். வராவிட்டால் கதவு திறக்க மறுக்கும், ஹூட் உறிஞ்சாது, கழிப்பறையின் வாடை ஆய்வகத்துக்குள் வரும். சென்னை மாதிரி கடலோர ஊரில் அந்தக் காற்றை உள்ளே கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. 35 டிகிரி வெயிலில் புழுக்கத்தோடு இருக்கும் காற்றை 13 டிகிரிக்குக் குளிர்வித்தால்தான் ஈரம் வடியும். நான் போடும் கணக்கில் ஒரே ஒரு ஹூட்டுக்கான காற்றிலிருந்து மணிக்குப் பதினெட்டு லிட்டர் தண்ணீர் வடிகிறது. ஒரு குடத்துக்கும் மேலே. அந்த ஒரு ஹூட்டுக்கு ஆறு டன்னுக்கும் சற்று அதிகமான குளிர்விப்பு வேண்டும், அதாவது வீட்டில் மாட்டும் ஒன்றரை டன் ஏசி நான்கு. ஆறு ஹூட்டுக்குக் கிட்டத்தட்ட நாற்பது டன். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2000களின் நடுவில் கணக்கிட்டபோது, ஒரு சாதாரண ஹூட் மூன்றரை வீடுகளுக்கு ஆகும் ஆற்றலை எடுத்துக்கொள்வதாகக் கண்டது. நம் ஊர்ப் புழுக்கத்தையும் நம் வீடுகளின் மின்செலவையும் வைத்துப் பார்த்தால் இங்கே அந்த விகிதம் இன்னும் கூடத்தான் செய்யும்.

மொட்டைமாடியில் பாதி இடம் எதற்கு என்று நிர்வாகம் கேட்டால் இந்தக் கணக்கையே காட்டுங்கள். அவ்வளவு காற்றை உறிஞ்சும் விசிறிகள், வெளிக்காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பும் ஏ.எச்.யூ. என்னும் இயந்திரம், அதற்கான தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், பம்ப் எல்லாம் எங்காவது உட்காரவேண்டும். ஆறு ஹூட் உள்ள ஓர் அறைக்குக் காற்று கொண்டுவரும் டக்ட் மட்டும் 700 மில்லிமீட்டர் அகலமும் 450 மில்லிமீட்டர் ஆழமும் இருக்கும். ஒவ்வொரு ஹூட்டின் தலையிலிருந்தும் 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்று கிளம்பி மொட்டைமாடி வரை போகவேண்டும். நான்கு தளம், தளத்துக்கு ஆறு என்றால் இருபத்து நான்கு குழாய்கள். அவற்றுக்கான வழிதான் ஷாஃப்ட். அதைக் கட்டாமல் விட்டால், பிறகு ஹூட் வாங்கும்போது ஜன்னலை உடைத்து வெளிச்சுவர் நெடுகக் குழாயைத் தொங்கவிடுவார்கள். அதற்கும் மனம் வராதவர்கள் குழாயை ஜன்னலுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மேல்மாடி வகுப்பறையின் ஜன்னல் அதற்கு நேர் மேலே இருக்கும்.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்டீர்கள். இந்தச் சிக்கலை முகத்துக்கு நேரே பார்த்த முதல் பெரிய கட்டடங்களில் ஒன்று ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வுக் கட்டடம். லூயி கான் வடிவமைத்தது, 1960 வாக்கில் கட்டி முடிந்தது. அதுவரை டக்ட்டுகளை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எப்படியாவது திணித்து மறைப்பதுதான் வழக்கம். கான் அவற்றுக்குத் தனி உயிர் கொடுத்தார். மனிதர்கள் வேலை செய்யும் இடம் ஒன்று, அதற்கு ஊழியம் செய்யும் இடம் இன்னொன்று என்று பிரித்து, காற்றும் படிக்கட்டும் போகும் வழிகளைச் செங்கல் கோபுரங்களாக வெளியே நிறுத்தினார். பின்னாளில் கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் சால்க் ஆய்வு நிறுவனத்துக்குக் கட்டடம் வடிவமைத்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார். அது பல்கலைக்கழகம் அல்ல, ஆனால் இன்றைக்கும் ஆய்வகம் வடிவமைக்கிற எல்லோரும் போய்ப் பார்க்கும் இடம். 1965-இல் முடிந்த அந்தக் கட்டடத்தில் ஒவ்வோர் ஆய்வகத் தளத்துக்கும் மேலே, ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்கு, ஏறத்தாழ ஒன்பது அடி உயரத்தில் குழாய்களுக்கென்றே ஒரு முழுத் தளம் உண்டு. ஆறு தளங்களில் மூன்று குழாய்களுக்கு. உங்கள் நிர்வாகம் கேட்டால் மயங்கி விழும். ஆனால் அறுபது ஆண்டுகள் கழித்தும் அந்த ஆய்வகங்களில் வேலை நடக்கிறது. கீழே ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே மேலே போய்ப் புதிய குழாய் போட முடிவதால்தான் அது சாத்தியமாகிறது.

ரிச்சர்ட்ஸ் கட்டடத்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். புகழ் வந்த அளவுக்கு அங்கே வேலை செய்தவர்களுக்குத் திருப்தி வரவில்லை. மூலைகள் முழுக்கக் கண்ணாடி என்பதால் வெயில் நேராக மேசையில் விழுந்தது. ஆராய்ச்சியாளர்கள் அலுமினியத் தாளையும் காகிதத்தையும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். உங்கள் வரைபடத்தில் மேற்குப் பக்கம் கண்ணாடிச் சுவர் இருந்தால், வெட்டவேண்டியது அதைத்தான். காசு மிச்சம், குளிர்விக்கும் செலவும் மிச்சம். ஷாஃப்ட்டை வெட்டிக் கண்ணாடியை வைத்துக்கொண்ட கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன். திறப்பு விழாப் புகைப்படத்தில் ஷாஃப்ட் தெரியாது, கண்ணாடி தெரியும். வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

அழகான கட்டடம்தான் நல்ல அறிவியல் கட்டடம் என்று எண்ணிவிடவும் வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 20ஆம் எண் கட்டடம் என்று ஒன்று இருந்தது. போர்க்காலத்தில், 1943-இல், ரேடார் ஆராய்ச்சிக்காக அவசரமாக மரத்தில் எழுப்பிய தற்காலிகக் கொட்டகை. போர் முடிந்ததும் பிரித்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. 1998 வரை நின்றது. காரணம், உள்ளே இருந்தவர்கள் யாரையும் கேட்காமல் சுவரில் துளை போடலாம், கம்பி இழுக்கலாம். ஜெரால்டு சக்கரையாஸ் என்ற இயற்பியலாளர் அணுக் கடிகாரத்துக்காக உயரமான குழாய் ஒன்றை நிறுத்த, மேலே இருந்த தளங்களையே அறுத்து எடுத்தார். சால்க்கின் கான்கிரீட்டுக்கும் இந்த மரக்கொட்டகைக்கும் தோற்றத்தில் எந்த உறவும் இல்லை, ஆனால் இரண்டிலும் ஆராய்ச்சி மாறும்போது குழாயும் கம்பியும் மாற வழி இருந்தது. 3.3 மீட்டர் உயரத்தில், ஷாஃப்ட் இல்லாமல், கான்கிரீட்டில் கட்டினால் இரண்டு நன்மையும் போய்விடும்.

"பிறகு வாங்கிக்கொள்ளலாம்" எப்படி முடியும் என்பதற்கு நான் பார்த்த ஒன்று. கல்லூரியின் பெயர் வேண்டாம். கட்டடம் திறந்து நான்காம் ஆண்டு நிதி வந்து எட்டு ஹூட் வாங்கினார்கள். ஷாஃப்ட் இல்லாததால் எல்லாக் குழாய்களையும் ஒரே டக்ட்டில் சேர்த்து, பீமைச் சுற்றி வளைத்து வளைத்து, பக்கச் சுவர் வழியாக வெளியே எடுத்திருந்தார்கள். சரிபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் முதலில் செய்வது மிக எளிய சோதனை. ஒரு டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கீற்றாகக் கிழித்து, ஹூட்டின் திறப்பில் மேலிருந்து கீழே மெல்ல இறக்கிக்கொண்டு வருவேன். கீற்று சீராக உள்பக்கம் சாய்ந்து நிற்கவேண்டும். விசிறிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு ஹூட்டில் கீற்று படபடவென்று உள்ளே இழுபட்டது. நடுவில் லேசாக அசைந்தது. கடைசி ஹூட்டில் நேராகத் தொங்கியது. பிறகு என் பக்கம் சாய்ந்தது. அந்த ஹூட்டுக்குள் ஒரு மாணவி அடர் அமிலம் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன், அவர் தலைக்கு மேலே சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த சீலிங் ஃபேனைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இது எங்கும் இருக்கிறது. ஹூட்டின் முகத்தில் காற்று போகும் வேகம் விநாடிக்கு வெறும் அரை மீட்டர். அவசரமாக ஒருவர் அதைக் கடந்து நடந்தாலே அதைவிட வேகமான காற்று கிளம்பும். சீலிங் ஃபேனும் நேராக முகத்தில் வீசும் ஸ்பிளிட் ஏசியும் ஹூட்டுக்குள் இருக்கும் ஆவியை வெளியே இழுத்துவந்துவிடும். எனவே கதவுக்குப் பக்கத்திலும் நடைபாதையிலும் ஹூட் வைக்கக்கூடாது, ஹூட் உள்ள அறையில் சீலிங் ஃபேன் கூடாது. ஸ்பிளிட் ஏசி போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது கூட்டத்தில் சொல்வார்கள். அது புதுக்காற்று கொண்டுவராது, இருக்கும் ஆவியையே குளிரவைத்துத் திருப்பிக் கொடுக்கும்.

மொட்டைமாடியில் புகைபோக்கிகள் தளத்துக்கு மேலே குறைந்தது மூன்று மீட்டர் உயர்ந்து, விநாடிக்குப் பதினைந்து மீட்டர் அளவு வேகத்தில் காற்றை மேலே பீய்ச்சவேண்டும். மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க அவற்றின் தலையில் குடை மாதிரி மூடி வைப்பது நம் ஃபேப்ரிகேட்டர்களின் பழக்கம். வைக்க விடாதீர்கள். குடை, புகையை மடக்கி மொட்டைமாடிக்கே திருப்பி அனுப்பும். சில மீட்டர் தள்ளி இருக்கும் ஏ.எச்.யூ. அதை உறிஞ்சி மறுபடி ஆய்வகத்துக்கே கொடுக்கும். விசிறி ஓடும்போது மேலெழும் காற்றே தூறலை இறங்கவிடாது. நிற்கும்போது இறங்குவதை வடிக்க அடியில் ஒரு வடிகால் போதும்.

அடுத்து, எந்த ஆய்வகம் எந்தத் தளத்தில் என்பது. இதிலும் பிறகு மாற்றுவது கடினம். வேதியியல் மேல்தளங்களுக்குப் போகலாம், குழாயின் நீளம் குறையும். இயற்பியலின் நுண்கருவிகள் தரைத்தளத்தில் இருக்கவேண்டும், ஏனென்றால் மேல்தள ஸ்லாப் நாம் நடக்கும்போதே அதிர்கிறது. மனிதனுக்கு உறைக்கும் அதிர்வு விநாடிக்குச் சுமார் 100 மைக்ரோமீட்டர். எலெக்ட்ரான் நுண்ணோக்கிகளில் நுட்பமானவை விநாடிக்கு 3 மைக்ரோமீட்டர் கேட்கும். எரிக் உங்கரும் காலின் கார்டனும் 1980களில் வகுத்த வி.சி. என்னும் அதிர்வு வரம்புகளைத்தான் உலகம் முழுக்க வடிவமைப்பாளர்கள் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறந்த பீக்ராஃப்ட் கட்டடத்தில் இதற்காகவே பூமிக்குள் பதினாறு மீட்டர் தோண்டி, மிக நுட்பமான ஆய்வகங்களைக் கீழே வைத்தார்கள். தாளும் கரும்பலகையும் போதும் என்கிற கோட்பாட்டு இயற்பியலாளர்களுக்கு மேல்மாடிகள். உங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவை இல்லை. தரைத்தளத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, லிஃப்ட், ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் மூன்றையும் அதிலிருந்து தள்ளி வைத்தால் போதும். லிஃப்ட்டின் எடைக்கட்டி இரும்பு. அது ஏறி இறங்கும்போது பக்கத்தில் உள்ள காந்தப்புலம் அசைந்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் படம் நடுங்கும். அதிர்வைக்கூட ஓரளவு மேசை வைத்துக் குறைக்கலாம், லிஃப்ட்டை இடம் மாற்ற முடியாது.

வாயு சிலிண்டர்களுக்குக் கட்டடத்துக்கு வெளியே, காற்றோட்டமான தனி அறை வேண்டும். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் ஒன்றாக நிற்கக்கூடாது. ஒவ்வொரு சிலிண்டரையும் சங்கிலியால் சுவரோடு கட்டவேண்டும். திரவ நைட்ரஜன் பயன்படுத்துவீர்கள் என்றால் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயு. முப்பது கனமீட்டர் உள்ள சிறிய அறையில் பத்து லிட்டர் கொட்டினால் ஆக்ஸிஜன் 21 சதவீதத்திலிருந்து 16-க்கு இறங்கிவிடும். நிறம் இல்லை, மணம் இல்லை, மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது. ஆளை அறியாமலேயே மயக்கம் வரும். எனவே ஆக்ஸிஜன் அலாரம் கட்டாயம். மாடிக்குக் கொண்டுபோக நேர்ந்தால் பாத்திரத்தை லிஃப்ட்டில் தனியாக ஏற்றி அனுப்பி, ஆள் படிக்கட்டில் போய் மேலே எடுத்துக்கொள்வதுதான் முறை. வழியில் வேறு யாரும் ஏறிவிடாமல் இருக்க, லிஃப்ட்டை இடையில் நிற்காமல் பூட்டும் சாவியைக் கட்டும்போதே கேட்டு வாங்குங்கள்.

அவசரக் குளியலும் கண் கழுவும் குழாயும் செலவில் சின்னவை, இடம்தான் முக்கியம். எந்த மேசையிலிருந்தும் பத்து விநாடியில் போய்ச்சேரும் தூரத்தில் இருக்கவேண்டும், பதினைந்து நிமிடம் விடாமல் தண்ணீர் வரவேண்டும். அமெரிக்கத் தரவிதி தண்ணீரின் வெப்பம் 16 முதல் 38 டிகிரிக்குள் என்கிறது. மொட்டைமாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வைத்திருக்கும் நமக்கு இது சிக்கல். மே மாத மதியத்தில் அந்தத் தண்ணீரில் கையை வைக்க முடியாது, அமிலம் பட்ட கண்ணில் எப்படி ஊற்றுவது? இந்தக் குழாய்க்கு மட்டும் நிழலில், காப்பு உறை போட்ட தனித் தொட்டி கேளுங்கள். வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் முதலில் துருதான் வரும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்பவை துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு உள்ளவை. மணிக்கு எத்தனை முறை காற்று மாறவேண்டும் என்பதற்கு ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். இவற்றில் பெரும்பாலானவை பழக்கத்தால் வந்த எண்கள், அளந்து நிறுவியவை அல்ல. என் அனுபவத்தில் எண்ணிக்கையைவிட, காற்று எந்த மூலையில் நுழைந்து எந்த மூலையில் வெளியேறுகிறது என்பதுதான் பெரிது. விநாடிக்கு 0.3 மீட்டர் வேகத்திலேயே காக்கும் ஹூட்டுகள் இப்போது கிடைக்கின்றன. நல்ல தயாரிப்பாளருடையது சோதனையில் தேறுகிறது. ஆனால் சீலிங் ஃபேன் பழக்கம் போகாத இடத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழாயே வேண்டாம், வடிகட்டி போதும் என்கிற டக்ட் இல்லாத ஹூட்டை உங்கள் நிர்வாகத்திடம் யாராவது விற்கப் பார்ப்பார்கள். எந்த வேதிப்பொருள் என்று முன்கூட்டியே தெரிந்த, ஒரே வேலை நடக்கும் மேசைக்கு அது சரி. மாணவர்கள் தினம் ஒரு சோதனை செய்யும் ஆய்வகத்தில் எந்த வடிகட்டி எப்போது நிறைந்தது என்று யார் கணக்கு வைப்பார்கள்?

திறந்தவெளி ஆய்வகம், நடுவில் பெரிய முற்றம், காபிக் கடை, துறைகள் கலந்து பேசும் சூழல் என்பது இன்னொன்று. ஸ்டான்ஃபோர்டின் கிளார்க் மையம் 2003-இல் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது. அங்கே மேசைகளுக்குச் சக்கரம் உண்டு, மின்சாரமும் வாயுவும் மேலிருந்து இறங்கும், தேவைப்படும்போது ஆய்வகத்தையே மாற்றி அடுக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அதிகம் பேசிக்கொள்கிறார்கள் என்பது உண்மை. 1970களில் எம்.ஐ.டி.யின் தாமஸ் ஆலன் பொறியாளர்களிடையே அளந்தபோது, இடைவெளி ஐம்பது மீட்டரை நெருங்குவதற்குள் பேச்சு அடியோடு குறைந்துவிடுவதைக் கண்டார். ஆனால் முற்றம் கட்டினால் நல்ல ஆராய்ச்சி வரும் என்று அதிலிருந்து தாவ முடியாது. உங்கள் பட்ஜெட்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் முற்றத்தை விட்டுவிட்டு ஷாஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தயக்கமே இல்லாமல் சொல்கிறேன். ஒவ்வொரு தளத்திலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பெஞ்சும் ஒரு கரும்பலகையும் போட்டால் பேச்சு தானாக நடக்கும்.

நிர்வாகத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இந்த இயந்திரங்களை ஓட்டும் மின்கட்டணம் உண்மையிலேயே பெரியது. அதனால் பல கல்லூரிகளில் பாடவேளை தவிர மற்ற நேரம் விசிறியை நிறுத்திவிடுகிறார்கள், ஹூட்டுக்கு உள்ளே கரைப்பான் பாட்டில்கள் நின்றுகொண்டிருக்கும்போதே. கட்டடத்தைச் சின்னதாக்குவதால் இந்தச் செலவு குறையாது. கண்ணாடிக் கதவை இறக்கும்போது காற்றின் அளவும் தானாகக் குறையும்படி விசிறிக்கு வேகக்கட்டுப்பாடு வையுங்கள், வேலை முடிந்ததும் கதவை இறக்கும் பழக்கத்தை மாணவர்களுக்கு முதல் நாளிலிருந்தே கொடுங்கள். கதவை அரை மீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டருக்கு இறக்கினால் திறப்பு ஐந்தில் ஒரு பங்காகிறது. ஓரளவு காற்று எப்போதும் ஓடவேண்டியிருப்பதால் மிச்சம் அதே விகிதத்தில் வராது, ஆனாலும் கட்டணத்தில் கண்ணுக்குத் தெரியும். ஆண்டு பராமரிப்புக்கு ஒரு தொகையை இப்போதே கணக்கில் எழுதச் சொல்லுங்கள். பெல்ட் அறுந்த ஒரு விசிறி இரண்டு ஆண்டு அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன், பெல்ட்டின் விலை சில நூறு ரூபாய்.

தள்ளிப்போடக்கூடியவை நிறைய உண்டு, அதையும் கூட்டத்தில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், உங்கள் பேச்சுக்கு மதிப்புக் கூடும். எல்லா ஹூட்டும் முதல் நாளே வேண்டாம். ஒரு தளத்துக்கு வாங்கிவிட்டு மற்ற தளங்களில் குழாய்க்கான துளையை மட்டும் ஸ்லாப்பில் விட்டு மூடிவைக்கலாம். இரண்டாவது சில்லர் பிறகு வரலாம், அதற்கான மேடையும் மின்கம்பி வழியும் இருந்தால் போதும். நுண்ணோக்கி, ஃபால்ஸ் சீலிங், வெளிப்பூச்சு, கருத்தரங்க அறை எல்லாம் காத்திருக்கும். உண்மையில் ஆய்வகத்தில் ஃபால்ஸ் சீலிங் போடாமலேயே விட்டால் குழாய்களைப் பழுதுபார்க்க வசதி.

வெள்ளிக்கிழமைக்கு ஒன்று செய்யுங்கள். கட்டடக் கலைஞரிடம் 3.3 மீட்டர் உயரத்துக்கான குறுக்குவெட்டுப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஸ்லாப்பும் பீமும் சேர்ந்து 600 மில்லிமீட்டர் போனால் மீதம் 2.7 மீட்டர். பீமுக்குக் கீழே காற்று டக்ட்டை, அதன் காப்பு உறையோடு, 550 மில்லிமீட்டருக்குப் பென்சிலால் வரையுங்கள். மீதம் 2.15 மீட்டர். அதைக் குறுக்கே கடக்கும் ஹூட் குழாயைக் காப்பு இல்லாமலே 250-க்கு வரையுங்கள். மீதம் 1.9. பிறகு ஒரு ஃபியூம் ஹூட்டை அதே அளவுகோலில் தனித் தாளில் வரைந்து வெட்டி எடுங்கள். மேசையோடு சேர்த்து அதன் உயரம் 2.4 மீட்டர், கண்ணாடிக் கதவை முழுக்கத் தூக்கினால் 2.7 வரை போகும். அந்தத் தாளை நிர்வாகத் தலைவரின் கையில் கொடுத்து, படத்தில் எங்கே வைக்கலாம் என்று அவரையே கேளுங்கள்.